அரக்கு வைத்த எண்ணெய்

அந்த ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்க்காதீர்கள் சார். பார்த்துவிட்டுச் சாயுங்கள். எவனோ எண்ணெய்த் தலையை வைத்துத் தூங்கிவிட்டுப் போயிருக்கிறான். காது மடல் தடம்கூட விழுந்திருக்கிறது. அதன் மேல் தூசி. தூசிக்குள் ஒரு கொசு. சே.

துடைக்காதீர்கள். துடைத்தால் பரவும். இந்தப் பேப்பரைச் செருகிவிட்டு உட்காருங்கள். ராஜபாளையத்தில் ஏறும்போதே கண்டக்டரிடம் சொன்னேன். சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நீங்கள் தென்காசி வரைக்குமா? நான் புளியங்குடியில் இறங்கிவிடுவேன்.

பையைக் கீழே வைக்க மாட்டேன். மடியில்தான் இருக்கும். இடிக்கிறதென்றால் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது சாம்பிள். தலைக்குத் தேய்க்கிற மூலிகை எண்ணெய். தேய்க்க இல்லை, நிரூபிக்க.

நான் நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன். அழகர்சாமி. இருபத்தொன்பது வருஷம். மூக்கை வைத்துச் சம்பளம் வாங்கினேன் என்று வையுங்கள். ஊசிப்போன சட்னி, புழு வைத்த மாவு, பல்லி மிதந்த பாகு. அல்வாக் கடைக்காரன் ஒருவன் பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு, "இப்பம் இல்லையே சார்" என்றான். எல்லாவற்றையும் மோந்து பார்த்து, கொட்டச் சொல்லி, மேலே பினாயில் ஊற்றச் சொல்வேன். பினாயில் முக்கியம். ஊற்றாவிட்டால் நான் தெரு திரும்புவதற்குள் அள்ளிக் கழுவித் தட்டில் வைத்துவிடுவான்.

அப்படிப்பட்டவன் வீட்டில் எண்ணெய்ச் சட்டி.

என் வீட்டம்மா குருவம்மாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். முப்பத்தாறு வருஷமும் காய்ச்சினாள். தெருவில் பாதித் தலை அவள் எண்ணெய்தான். ஒருத்திக்குப் பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டும், ஒருத்திக்குப் பொடுகு, ஒருத்திக்குத் தூக்கம் வராது. எல்லாரும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். என்ன பாட்டில் கொண்டுவருவார்கள் தெரியுமா? ஒருத்தி கலர் குடித்த பிளாஸ்டிக் பாட்டில். ஒருத்தி வீட்டுக்காரன் குடித்துப் போட்ட பிராந்தி பாட்டில், அதில் லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. எடுக்கிறதும் அப்படித்தான். மூடியைத் திறந்து விரலை விடுவது. விரலில் என்ன இருந்தது? புளி கரைத்திருப்பாள், மாட்டைப் பிடித்திருப்பாள், மூக்கைச் சிந்தியிருப்பாள். சீப்பை உள்ளே விட்டவளும் உண்டு. சீப்பில் முடி சுற்றியிருக்கிறது, சார். முடியோடு.

வீட்டில் தலையணை உறையைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. வட்டமாக ஒரு மஞ்சள் கறை. அதன் கரையில் கறுப்பு. என் தலையணை தனி, என் துண்டு தனி. என் தலையைப் பாருங்கள். தேங்காய் நார் மாதிரி நிற்கும். ஆனால் சுத்தம். கல்யாணத்து மறுநாள் எண்ணெய் ஸ்நானத்துக்கு உட்காரச் சொன்னார்கள். எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இந்தத் தலையில் விழுந்ததில்லை.

காய்ச்சுகிற விதத்தில் குறை சொல்ல மாட்டேன். பொய் ரிப்போர்ட் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி, நெல்லிக்காய். கழுவி, நிழலில் வாட்டி, இடித்துச் சாறு எடுப்பாள். தேங்காயெண்ணெயில் கால் பங்கு நல்லெண்ணெய். இரும்புச் சட்டி. சின்னத் தீ. சாறு விழுந்ததும் சடசடவென்று ஊரைக் கூட்டும். அந்தச் சடசடப்பு அடங்குகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் வர மாட்டாள். ஒருமுறை வாசலில் நான் வழுக்கி விழுந்து கத்தினேன். "எந்திரிச்சு வந்துருவீக. இது வராது" என்றாள்.

அடங்கிய பிறகு ஒரு சோதனை. பஞ்சுத் திரியை எண்ணெயில் முக்கிக் கொளுத்துவாள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் தண்ணீர் போய்விட்டது. தண்ணீர் போகாத எண்ணெய் நிற்காது, பூசணம் பூத்துவிடும். அறிவான சோதனைதான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "அடுப்பு" என்றாள்.

இடித்த சக்கையைத் துணியில் கட்டிப் பிழிவாள் பாருங்கள், அது மட்டும் என்னால் பார்க்க முடியாது. கறுப்பாக, வழவழவென்று, செத்த எலி மாதிரி. விடுங்கள்.

விஷயம் இதுதான். எதிர்வீட்டுக் கோமதி டீச்சர் மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம். அந்தப் பெண்ணுக்கு டைபாய்டு வந்து தலை மொட்டையாகிப்போயிருந்தது. இரண்டு வருஷத்தில் இவள் எண்ணெயில் இடுப்புவரை வளர்ந்துவிட்டதாம். டீச்சர் வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "குருவக்கா, வர்றவங்க எல்லாருக்கும் தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா உங்க எண்ணெய் ஒரு பாட்டில் போடணும். பாட்டில்ல உங்க பேரு ஒட்டணும்." நூற்றிருபது பாட்டில்.

இவளுக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. என் கல்யாணத்தைச் சொல்கிறேன்.

நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். தெருவுக்குக் கொடுப்பது வேறு, நூற்றிருபது பேருக்கு வெளியே போவது வேறு. என் வீட்டிலிருந்து போகிற பொருள். சுகாதாரம் என் பொறுப்பு என்று.

"சரி, நீங்க பாத்துக்கிடுங்க" என்றாள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் வாயால் சொன்னது.

பாட்டில் சாக்கில் வந்தது. வைக்கோல், தூசி, ஒரு பாட்டிலில் செத்த கரப்பான். கரப்பானைக் கண்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? நூற்றிருபதையும் நானே கழுவினேன். சோப்புத் தண்ணீரில் ஒன்று, பிளீச்சிங் பவுடர் கலந்து ஒன்று, சுடுதண்ணீரில் ஒன்று. மூன்று தண்ணீர் சார். எந்த ஆஸ்பத்திரியில் செய்வான்? ஐப்பசி மாசம், வெளியே மழை. நனைந்த சாக்கை விரித்து வராந்தாவில் கவிழ்த்துவைத்தேன். வரிசையாக. பார்க்கவே நன்றாக இருந்தது.

அவள் வந்து பார்த்தாள். "நாலு நாள் வெயில் காணணுங்க" என்றாள்.

"வெயில் எங்க இருக்கு?"

"அப்பம் அடுப்புமேட்டுல பத்துப் பத்தா வச்சு எடுப்போம். சூடு ஏறினாத்தான் உள்ள இருக்கிறது போகும்."

"அடுப்புமேட்டுல கரி படும்" என்றேன். சரிதானே? கழுவின பாட்டிலைக் கொண்டுபோய்க் கரியில் வைப்பதா?

மறுநாள் டீச்சர் வீட்டில் பந்தக்கால். இவள் போய்விட்டாள். எண்ணெய் இறக்கி, திரி கொளுத்திப் பார்த்து, ஆறிச் சட்டியில் இருக்கிறது. மேலே ஒரு துணி, அவ்வளவுதான். ஈ ஒன்று சுற்றுகிறது. ஒரே ஒரு ஈ போதும் சார், நான் ஈயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். புனலை எடுத்தேன். நூற்றிருபதையும் நிரப்பினேன். மூடி போட்டேன், லேபிள் ஒட்டினேன். 'குருவம்மாள் மூலிகைத் தைலம்.' ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடித்தாயிற்று.

வந்தாள். பார்த்தாள். "பாட்டில் காஞ்சுதா?" என்றாள்.

"துடைச்சாச்சு."

"உள்ள?"

"உள்ள விரல் போகுமா? என்ன கேள்வி இது?"

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் திரும்பச் சட்டியில ஊத்தி ஒரு சூடு காட்டிருவோங்க. பொழுது இருக்கு" என்றாள்.

மூடி போட்டு லேபிள் ஒட்டியதைத் திறப்பதா? அது என்ன சுகாதாரம்? முடியாது என்றேன். இரண்டாம் தடவை சொன்னாள். மூன்றாம் தடவையும் சொன்னாள். நான் பேப்பரைப் படிக்க ஆரம்பித்தேன்.

சட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேலே பரணிலிருந்து ஒரு பழைய ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தாள். சித்திரை வெயிலில் காயவைத்து மூடி வைத்ததாம். இரும்புத் தட்டில் வைத்து அடுப்பில் வாட்டி, மிச்சத்தை அதில் வடித்தாள். அதையும் கழுவக் கொடு என்று கேட்டேன். முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "இது ஒண்ணாவது எம்பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். பாருங்கள், எவ்வளவு பிடிவாதம்.

இதென்ன, சேத்தூரா? இந்தக் கடையில் பஜ்ஜி வாங்கிவிடாதீர்கள். அந்த எண்ணெய் நிறத்தைப் பார்த்தீர்களா?

எங்கே விட்டேன். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது டீச்சர் வீட்டில் பை போடுகிறார்கள். சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், கூட இவளும், தரையில் உட்கார்ந்து, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், எண்ணெய் பாட்டில். நான் ஒரு மேற்பார்வைக்காகப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டினேன். கலங்கியது. அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று எழுந்து மெல்ல உட்கார்ந்தது. திறந்தேன். சார், அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? பழைய ஈரத் துணியை எண்ணெய்ச் செக்கில் ஆட்டின மாதிரி. சிக்குவாடை. அதோடு ஒரு பிளீச்சிங் பவுடர் வாடை. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும். மூன்றாவதும்.

நின்றபடியே சொன்னேன். "இது மனுஷன் தலையில் வைக்கிற பொருள் இல்லை. எல்லாவற்றையும் எடுங்கள்."

டீச்சர் பதறிப்போய் வந்தாள். "இன்ஸ்பெக்டர் சார், மெதுவா. உள்ள வாங்க, உள்ள வச்சுப் பேசுவோம்."

"பொதுச் சுகாதாரத்தில் உள்ளே வெளியே என்று கிடையாது டீச்சர்."

கொல்லையில் குழி வெட்டச் சொன்னேன். நூற்றிருபதையும் கொட்டினேன். பினாயில் ஊற்றினேன். மகஜர் எழுதினேன். மகஜர் தெரியுமில்லையா, இன்ன பொருள், இன்ன குறை, இன்னாருடையது, அழிக்கப்பட்டது என்று இரண்டு சாட்சி வைத்து எழுதுகிற காகிதம். 'குறை: தயாரிப்பில் கோளாறு. தயாரித்தவர்: குருவம்மாள், கணவர் பெயர் அழகர்சாமி.' அங்கிருந்த இரண்டு பெண்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். ஒருத்தி அழுதுகொண்டே போட்டாள். எதற்கு அழுகை? தலை பிழைத்ததே.

குருவம்மாளிடமும் நீட்டினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் படிக்கவில்லை. போட்டுவிட்டாள்.

முறைப்படி ஒரு சாம்பிள் எடுத்து சீல் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டோமே என்று யோசித்தேன். வீட்டில் அந்த ஊறுகாய்ப் பாட்டில் இருந்தது. அதே சட்டி, அதே நாள். எந்தப் பாட்டிலானால் என்ன. வாயில் துணி கட்டி, நூல் சுற்றி, அரக்கு உருக்கி வைத்தேன். பழுப்புத் தாளில் சுற்றினேன்.

அப்போதுதான் பேசினாள். "அதை ஒருக்கா மோந்து பாத்துட்டுக் கட்டுங்க."

"சாம்பிளை சீல் வைக்கிறவன் மோந்து பார்க்கக் கூடாது. விதி."

அப்படி விதி இருக்கிறதா என்றால், இல்லை. அன்றைக்கு மூன்று பாட்டில் மோந்திருந்தேன். நாலாவதுக்கு மூக்கு தாங்காது.

கல்யாணத்தில் எல்லாருக்கும் பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். மூடி பொருந்தாத டப்பா. இவள் பந்திக்கே வரவில்லை. பின்கட்டில் பாத்திரக்காரிகளோடு நின்றாளாம். எவளோ ஒருத்தி இவள் காதுபட, "அந்தப் பூசணம் புடிச்ச எண்ணெ இவுக காச்சுனதுதானா" என்று கேட்டிருக்கிறாள். கேட்கத்தான் செய்வார்கள். உண்மைதானே?

மறுநாள் ஒரு பையில் நாலு சேலை. இன்னொரு பையில் எண்ணெய்ச் சட்டி. புளியங்குடியில் அவள் தம்பி வீட்டுக்கு. வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாள், ஒரு சொட்டு உங்க தலையில வாங்குனதில்ல. வாங்காத எண்ணெய்க்குத் தீர்ப்பு எழுதிட்டீக." அவ்வளவுதான். செருப்பை மாட்டினாள். போய்விட்டாள்.

ஒரு வாரத்தில் வருவாள் என்று விட்டேன். கார்த்திகை போய், மார்கழி போய், தை போய், மாசி வந்துவிட்டது. மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். பரிமாறுகிறவன் கட்டைவிரல் சாம்பாருக்குள் இருக்கிறது. தினமும் சொல்கிறேன். தினமும் இருக்கிறது. டீச்சர் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். வீட்டில் ஒரு வாடையும் இல்லை இப்போது. தலையணை உறை எல்லாம் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. இதைத்தானே இத்தனை வருஷம் கேட்டேன்? தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. வயசு.

நேற்று மச்சினன் திருமலைச்சாமி போன் பண்ணினான். "அத்தான், அக்கா இங்க சட்டியை ஏத்திட்டா. சுத்துப்பட்டுல இருந்தெல்லாம் பொம்பளைக வந்து வாங்கிட்டுப் போறாக. இனிமே வரமாட்டா போல. நீங்க ஒருக்கா வந்து..." மேலே என்னவோ சொன்னான். எனக்கு அந்த முதல் விஷயம்தான் காதில் விழுந்தது. ஊரார் தலையில் மறுபடி அந்த எண்ணெயைத் தடவுகிறாள்! இதை நிறுத்த வேண்டாமா? அதற்குத்தான் போகிறேன். மச்சினன், அவன் பெண்டாட்டி, அங்கே வாங்க வருகிறவர்கள் எல்லாரையும் நிற்க வைத்து, அவர்கள் முன்னால் சீலை உடைத்து, நாற்றத்தைக் காட்டி, "பார், இதுதான் உன் சரக்கு, பேசாமல் வீட்டுக்கு நட" என்று...

கூட்டிவருவதற்காகப் போகவில்லை. நிரூபித்தால் தன்னால் வருவாள்.

என்ன கேட்டீர்கள்?

கெட்டுப்போகாமல் இருந்தால்?

இருக்காது. அதே சட்டி என்று சொன்னேனே.

சிவகிரி வந்துவிட்டது. கூட்டம் ஏறுகிறது. முன்சீட்டில் உட்காரும் அந்த அம்மா பையை என் கால்மேல் வைக்கிறாள் பாருங்கள்.

இல்லை, நீங்கள் எதற்குக் கேட்டீர்கள்? என்ன வேலை உங்களுக்கு? போஸ்ட் ஆபீஸா. நல்லது. அரக்கு, சீல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்த மனுஷன் கேட்கிறீர்கள். மச்சினன் முன்னால் திறந்து, தப்பித்தவறி... தப்பாது. தப்பாதென்றாலும் முன்கூட்டி ஒருமுறை ஆய்வு செய்துகொள்வதில் தவறில்லை. சாட்சி இருக்கிறது. நீங்கள்தான். மறுபடி கட்டிவிடலாம். அரக்குத் துண்டு பையில் இருக்கிறது.

பிடியுங்கள் இதை. தாளைப் பிரிக்கிறேன். சீல் முழுசாக இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள். சரி. உடைக்கிறேன்.

கலங்கலே இல்லை. வெளிச்சம் சரியில்லாமல் இருக்கும். இந்தப் பக்கம் பிடியுங்கள். இந்தக் கண்ணாடிதான் எண்ணெய்க் கண்ணாடியாகிவிட்டதே, பேப்பரைக் கொஞ்சம் விலக்குங்கள்.

அடியில் ஒன்றும் இல்லை.

நீங்கள் மோந்து பாருங்கள். எனக்கு மூக்கு மூன்று நாளாக அடைத்திருக்கிறது. நன்றாக இழுத்து. என்ன? நெல்லிக்காய் வாசமா? சிக்குவாடை இல்லையா? உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா? தபால் பசை மோந்து பழகிய மூக்கு.

ஏனம்மா திரும்புகிறாய்? "எந்தக் கடையில வாங்குனதுய்யா, இப்படி மணக்குது?" கடையில் வாங்கியதில்லை. சாம்பிள். எட்டிப் பிடிக்காதே. "ஒரு சொட்டு ஊத்துங்கய்யா, மண்டை காயுது." கையைக் கழுவினாயா? ... இந்தா. உச்சியில் வைத்து அப்படியே தேய்க்கிறாள் பாருங்கள் சார், ஓடுகிற பஸ்ஸில். வெட்கமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

கொடுங்கள், நான் பார்க்கிறேன்.

ம்.

கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

அதே சட்டி. அதே இலை. அதே நாள். திரி சத்தமில்லாமல் எரிந்தது, நான் பக்கத்தில் நின்றேன். எண்ணெயில் தண்ணீர் இல்லை. அப்படியானால் அந்த நூற்றிருபதுக்குள்ளும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ரிப்போர்ட் எழுதும்போது இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வர வேண்டும். சட்டியில் இல்லை. எண்ணெயில் இல்லை. இலையில் இல்லை. மிஞ்சுவது பாட்டில். இது மட்டும் நான் கழுவாத பாட்டில்.

பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது என்று நானே சொன்னேனா? உங்களிடம் சொன்னேனா? சொன்னேன். அன்றைக்கும் அந்த வாடை மூக்கில் ஏறியது. அவள் சமையலறையில் பிளீச்சிங் பவுடர் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷம் கேட்டவன்.

ஒன்று சொல்கிறேன், கழுவியது தப்பில்லை. கரப்பான் கிடந்தது. காயவைக்காததுதான் கோளாறு. அதை அவள் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

என்ன? மூன்று தடவை சொன்னாளா?

ஆமாம். சொன்னேன் உங்களிடம். மூன்று தடவை.

வாசுதேவநல்லூர் தாண்டியாயிற்றா? பேனா வைத்திருக்கிறீர்களா? போஸ்ட் ஆபீஸ்காரர் கையில் பேனா இல்லாமல் இருக்குமா. இந்தச் சட்டைப்பையில் மகஜர் இருக்கிறது. அவர்கள் முன்னால் படித்துக்காட்ட எடுத்துவந்தேன். பஸ் குலுங்குகிறது, காகிதத்தை அழுத்திப் பிடியுங்கள். 'தயாரிப்பில் கோளாறு.' அடித்துவிட்டேன். அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். போட்டாயிற்று. 'பாட்டில்களில் ஈரம் இருந்தது.' இப்போது சரி.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஈரம் இருந்தது என்பது போதாதா?

போதாது. நான் விட்டிருக்க மாட்டேன். எவனாவது ஓட்டல்காரன் 'பல்லி இருந்தது' என்று மட்டும் சொன்னால், "யார் மூடாமல் வைத்தது, பேரைச் சொல்" என்பேன். சரி. 'கழுவி, காயவைக்காமல், தானே நிரப்பியவர்: அழகர்சாமி.' கையெழுத்துக் கோணலாகப் போகிறது. இந்தச் சாலையைப் போட்டவனைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும்.

நீங்கள் போடுங்கள், சாட்சி ஒன்று. ஏம்மா, உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? எண்ணெயை வாங்கித் தேய்த்தாயல்லவா, இங்கே போடு. "எதுக்குய்யா?" எதற்காக இருந்தால் என்ன, நல்ல எண்ணெய் என்று எழுதியிருக்கிறது. எண்ணெய்க் கையை வைக்காதே. வைத்துவிட்டாள். காகிதத்தில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. சே.

இதைக் கொடுத்தால் அவள் வாங்குவாள். வாங்கி மடித்து வைப்பாள். படிக்க மாட்டாள். அன்றைக்கும் படிக்கவில்லையே. படிக்காமல் போட்ட கையெழுத்துக்குப் படிக்காத காகிதம். கூட மச்சினன் நிற்பான், "அத்தான், காபி" என்பான். நான் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் கேட்க வைத்துத்தான் பழக்கம்.

டீச்சர் வீட்டுக்கும் ஒன்று போக வேண்டும். அது பிறகு. அந்தப் பதினைந்து பெண்களும் எந்தெந்த ஊரோ. அவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்ப முடியுமா? எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. போய்ச் சேருமா என்று கேட்கிறேன்.

இன்னும் இரண்டு மைல் இருக்குமா?

இந்த மூடியைப் பிடியுங்கள். எப்படித் தேய்க்கிறது இதை? உள்ளங்கையில் ஊற்றியா? நீங்கள் சிரிக்க வேண்டாம், அறுபத்துநாலு வயசில் எனக்கு இது தெரியாது. அந்த அம்மா உச்சியில் வைத்தாளே, அப்படியா? ஊற்றுங்கள். இன்னும். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

வழவழவென்று இருக்கிறது. அருவருப்பாக இருக்கிறது சார், பொய் சொல்ல மாட்டேன். விரல் இடுக்கெல்லாம் போய்விட்டது. குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்வார்கள், அதுவும் இருக்கிறது. நன்றாகப் படிந்துவிட்டதா? நார் மாதிரி நிற்கிறதா, படிந்துவிட்டதா? காது ஓரம் ஒழுகுகிறதா?

துண்டை நீட்டாதீர்கள். ஒழுகட்டும். சட்டைக் காலர் போனால் போகிறது, அவள்தான் துவைப்பாள். துவைக்கிறாளோ என்னவோ.

புளியங்குடி. இறங்குகிறேன். பாட்டிலில் பாதி இருக்கிறது, மூடியை இறுக்கிக் கொடுங்கள். ஈரக் கையில்லையே உங்களுக்கு? சரி. என் சீட்டுக் கம்பியில் தலை பட்டுவிட்டது, பாருங்கள், தடம் விழுந்திருக்கிறது. அடுத்து உட்காருகிறவனிடம் சொல்லிவிடுங்கள்.

துடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பரவும்.